வாட்டர் கூலிங் ரேடியேட்டர்: கடைச் சரக்கா, கார் ஹீட்டர் கோரா, பழைய ஏ.சி. காயிலா?

கணினிக்கு வாட்டர் கூலிங் கட்ட இறங்குகிறவர்கள், சிப்பின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் பிளாக்கையும் பம்பையும் பத்து தடவை யோசித்து வாங்குவார்கள். ரேடியேட்டருக்கு வரும்போது மட்டும், கேபினெட் பெட்டியில் ‘360 பொருந்தும்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒரு 360 (மூன்று 120 மி.மீ. ஃபேன் வரிசையாக நிற்கும் அளவு) எடுத்துவிடுவார்கள். மார்கழியில் அதன் குறை தெரியாது. சித்திரையில் தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டும், ஃபேன்கள் அலறும், பேசாமல் ஃபேன் வைத்த சாதாரண பிராசஸர் கூலரே போட்டிருக்கலாம் என்று தோன்றும். அதைத் தவிர்க்க வாங்குவதற்கு முன்பே இரண்டு விஷயம் பார்த்தால் போதும்: எத்தனை வாட் வெளியேற வேண்டும், ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று எத்தனை டிகிரி.

வாட் கணக்கு

ரைசன் 7 7800எக்ஸ்3டி, ஆர்.டி.எக்ஸ் 5080 உள்ள ஒரு கேமிங் கணினியை எடுத்துக்கொள்வோம். கிராஃபிக்ஸ் கார்டின் மின் வரம்பு 360 வாட். பிராசஸரின் உச்ச வரம்பு 162 வாட் என்றாலும் கேம் ஓடும்போது 80 வாட்டை எட்டுவதே அபூர்வம். பம்ப் இழுக்கிற மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் தண்ணீரில் இறங்கும். டி5 வகைப் பம்ப் என்றால் 10 முதல் 20 வாட் வரை. மொத்தம் 450 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இன்டெல் 14900கே-யையும் ஆர்.டி.எக்ஸ் 4090-ஐயும் சேர்த்து முழு வேகத்தில் ரெண்டர் ஓட்டுகிறவருக்கு 253-உம் 450-உம் கூடி 700 வாட் வந்துவிடும்.

ரேடியேட்டரின் திறனை, ஒரு 120 மி.மீ. ஃபேன் நிற்கும் இடத்தை அலகாக வைத்து அளப்பது சுலபம். 30 மி.மீ. தடிமனுள்ள நல்ல செம்பு ரேடியேட்டரில், ஃபேன் 1300 ஆர்.பி.எம். சுற்றினால், ஒரு ஃபேன் இடம் டிகிரிக்குத் தோராயமாக 10 வாட் வெளியேற்றும். 750 ஆர்.பி.எம்.-க்கு இறக்கினால் 6 வாட். இங்கே டிகிரி என்பது தண்ணீருக்கும், ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்.

இதை வைத்துப் போட்டுப் பாருங்கள். 360 ரேடியேட்டரில் மூன்று ஃபேன் இடம், டிகிரிக்கு 30 வாட். 450 வாட்டுக்குத் தண்ணீர் காற்றைவிட 15 டிகிரி மேலே நிற்கும். ஏ.சி. இல்லாத அறை 36 டிகிரியில் இருந்தால் தண்ணீர் 51. சத்தம் வேண்டாம் என்று 750-க்குக் குறைத்தால் வித்தியாசம் 25, தண்ணீர் 61. டி5, டி.டி.சி. இரண்டு பம்புகளுக்கும் சொல்லப்பட்டிருக்கும் உச்ச வரம்பு 60 டிகிரி. பி.இ.டி.ஜி. என்ற கடினப் பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தால் அதுவும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இளகத் தொடங்கும், ஃபிட்டிங்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். ஆகவே கோடையின் உச்சத்திலும் தண்ணீர் 45 சுற்றி நிற்க வேண்டும், 50-ஐத் தாண்டக் கூடாது என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 450 வாட்டுக்கு ஐந்து ஃபேன் இடம், அதாவது ஒரு 360-உம் ஒரு 240-உம் இருந்தால் வித்தியாசம் 9 டிகிரி. ஒன்பது ஃபேன் இடம் இருந்தால் 750 ஆர்.பி.எம்.-இலேயே 8 டிகிரிக்குச் சற்று மேல்தான் வரும். ஃபேன் சுற்றுகிறதா என்று கைவைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

தடிமன் ஏன் ஏமாற்றுகிறது

60 மி.மீ. ரேடியேட்டர் 30 மி.மீ. ரேடியேட்டரைப் போல இரண்டு மடங்கு குளிர்விக்கும் என்று நினைப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் பணம் வீணாகும் இடம். முட்டுக்கட்டை தண்ணீர்ப் பக்கம் இல்லை, காற்றுப் பக்கம் இருக்கிறது. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் தண்ணீர் 450 வாட்டை வாங்கிக்கொண்டு வெறும் 1.6 டிகிரிதான் ஏறும். (அதனால்தான் லூப்பில், அதாவது தண்ணீர் சுற்றிவரும் பாதையில், எது முதலில், எது அடுத்து என்ற வரிசைச் சண்டைக்கு அர்த்தமே இல்லை, குழாய் எங்கே குட்டையாக வருகிறதோ அப்படிப் போடுங்கள்.) காற்றின் கதை வேறு. பெட்டியில் 56 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று அச்சடித்த ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்றால் அதில் பாதிகூடப் போகாது. 25 சி.எஃப்.எம். காற்று டிகிரிக்கு 13, 14 வாட்தான் சுமக்க முடியும். 30 மி.மீ. ரேடியேட்டரே அதில் முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது. மிச்சக் காலுக்காக இன்னொரு 30 மி.மீ. செம்பு போட்டால் காற்றுக்குத் தடை கூடி, உள்ளே வரும் காற்றே குறைந்துவிடும். 1300 ஆர்.பி.எம்.-இல் தடியன் சுமார் பத்து, பதினைந்து சதவீதம் முந்துவான். 750-இல் இரண்டும் ஏறக்குறைய சமம். 1800-க்கு மேல் ஓட்டவோ, இரு பக்கமும் ஃபேன் வைத்து ஒன்று தள்ள ஒன்று இழுக்க வைக்கவோ தயாராக இருப்பவருக்குத்தான் தடிமன் காசுக்கு ஈடாகும்.

பரப்பளவு அப்படி ஏமாற்றாது. 140 மி.மீ. ஃபேனின் சதுரம் 120-ஐவிட 36 சதவீதம் பெரிது. அதனால் 280 ரேடியேட்டர் 240-க்கு அண்ணன் இல்லை, 360-க்குத் தம்பி: 360 அதைவிடப் பத்து சதவீதம்தான் பெரிது. 420 (மூன்று 140 மி.மீ. ஃபேன்) போகும் கேபினெட் உங்களிடம் இருந்தால் 360 பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

ஃபின், அதாவது காற்று நுழைந்து போகும் மெல்லிய தகடுகள், எவ்வளவு நெருக்கம் என்பது அடுத்தது. ஓர் அங்குலத்தில் எத்தனை ஃபின் என்பதை எஃப்.பி.ஐ. என்று போட்டிருப்பார்கள். 10 முதல் 16 வரை உள்ளவை மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்கு ஏற்றவை. 20-க்கு மேல் போனால் வேகமான, அழுத்தம் தரும் ஃபேன் வேண்டும். பிலிப்பைன்ஸில் தயாராகும் ஹார்டுவேர் லேப்ஸின் பிளாக் ஐஸ் நெமசிஸ் ஜி.டி.எஸ். 16 எஃப்.பி.ஐ., 30 மி.மீ.-க்குச் சற்றே குறைவு. மெதுவான ஃபேனுக்கு இதுபோல ஒன்றைத் தேடுங்கள். ஜெர்மனியின் ஆல்ஃபாகூலில் எஸ்.டி.30, எக்ஸ்.டி.45, யு.டி.60 என்று பெயரிலேயே தடிமன் இருக்கிறது. நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: தூசி. ஜன்னல் திறந்து, சீலிங் ஃபேன் ஓடும் அறையில் 25 எஃப்.பி.ஐ. ரேடியேட்டரின் முகத்தில் இரண்டு மூன்று மாதத்தில் கம்பளி போலப் படிந்துவிடும். நெருக்கம் குறைந்த ஃபினில் பாதித் தூசி அப்படியே பறந்துவிடும், மீதியை பிளோவரால் ஊதிவிடலாம்.

ஃபேன் வாங்கும்போது சி.எஃப்.எம்.-ஐப் பார்க்காமல் நிலை அழுத்தத்தை, அதாவது தடையைத் தாண்டிக் காற்றைத் தள்ளும் பலத்தைப் பாருங்கள். ஆர்க்டிக் பி12 1800 ஆர்.பி.எம்.-இல் 2.2 மி.மீ. நீர் அழுத்தம் தருகிறது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள நாக்டுவா என்.எஃப்-ஏ12எக்ஸ்25 2000-இல் 2.34. ரேடியேட்டருக்கு ஐந்து ஃபேன் வாங்க வேண்டியவருக்கு இந்த இரண்டு எண்ணும் போதும்.

முதலில் உலோகம், பிறகு அளவு

கடைச் சரக்கை விட்டு வெளியே தேடப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீர் படும் இடமெல்லாம் என்ன உலோகம் என்பதுதான். பிளாக் செம்பு, அல்லது நிக்கல் பூசிய செம்பு. ஃபிட்டிங் பித்தளை. இவற்றோடு அலுமினியம் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அது மின்கலம். கரைவது அலுமினியம். ரேடியேட்டர் சுவர் புள்ளி புள்ளியாக அரித்துக்கொண்டு வரும். அதற்கு முன்பே வெள்ளைக் கூழ் ஒன்று உருவாகி, பிளாக்கில் உள்ள மயிரிழை ஃபின்களுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பிராசஸர் சூடு ஏறும், பம்ப் பழுது என்று நினைத்து பம்பை மாற்றுவார்கள். அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட் இதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது.

இந்த ஒரே காரணத்தால் பைக் ரேடியேட்டர் பட்டியலிலிருந்து வெளியே. கே.டி.எம். டியூக், யமஹா ஆர்15 போன்றவற்றின் ரேடியேட்டர்கள் பார்க்கக் கச்சிதமாகவும் மலிவாகவும் இருந்தாலும் அலுமினியம். பம்பும் ரேடியேட்டரும் சேர்ந்தே அடைத்து வரும் ஆல்-இன்-ஒன் கூலர் பழுதானபின் அதிலிருந்து கழற்றிய ரேடியேட்டரும் பெரும்பாலும் அப்படியே. காந்தம் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. செம்பும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது. குழாய் வாயில் பெயின்டைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள்: சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் சரி, வெள்ளி நிறம் தெரிந்தால் ஈயப்பற்றா அலுமினியமா என்று இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சுரண்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் டேங்கை மடித்துக் கவ்வியிருந்தால் உள்ளே அலுமினியம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

கார் ஹீட்டர் கோர்

ஹீட்டர் கோர் என்பது காருக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர். வாட்டர் கூலிங்குக்கென்று ரேடியேட்டர் சுலபமாகக் கிடைக்காத 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கணினி கட்டியவர்கள் தேடிப் போனது 1977 போன்டியாக் போனவில் காரின் ஹீட்டர் கோரைத்தான். இரண்டு 120 மி.மீ. ஃபேன் அகலம், இரண்டு அங்குலத் தடிமன், முழுக்கச் செம்பும் பித்தளையும். இன்றைய 240 ரேடியேட்டரின் உருவமே அங்கிருந்து வந்ததுபோல இருக்கும். தண்ணீருக்குத் தடை கிட்டத்தட்ட இல்லை, சின்னப் பம்பே போதும்.

இப்போது அந்த வழி பாதி அடைபட்டுவிட்டது. புதிய கார்களின் ஹீட்டர் கோர் அலுமினியம். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகக் கடைகளில் பழைய வண்டியின் செம்பு கோர் கையில் சிக்கினால் மட்டும் யோசிக்கலாம். சிக்கினால் வேலை இவ்வளவு: வாய்கள் பொதுவாக 16, 19 மி.மீ.; ஒன்றுக்கொன்று அளவு வேறாகக்கூட இருக்கும். பித்தளை ரெடியூசர் போட்டு 10 மி.மீ. ஹோஸுக்கு இறக்கலாம். சுத்தமாக வேண்டுமென்றால் லேத் பட்டறையில் பித்தளை சாக்கெட் கடைந்து ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் பற்றவைத்துக்கொள்ளலாம். கணினி ஃபிட்டிங்கின் ஜி 1/4 என்பது கால் இஞ்சு பி.எஸ்.பி. நேர் மரை. லேத்காரர் பிளம்பிங் பழக்கத்தில் கூம்பு மரை வெட்டிவிட்டால் ஓ-ரிங் உட்காராது. ‘பேரலல் த்ரெட், முகம் தட்டையாக 20 மி.மீ.’ என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். உள்ளே பழைய கூலன்டும் உப்பும் படிந்திருக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம், பிறகு சோடா உப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். வினிகரை ராத்திரி முழுக்க விட்டால் பற்றையே அரிக்கும்.

ஃபேனை கோர் மேலேயே ஒட்டவைக்காதீர்கள். நடு மோட்டாருக்குப் பின்னால் காற்றே வராது. 25 முதல் 40 மி.மீ. இடைவெளி விட்டு ஒரு ஷ்ரவுட், அதாவது காற்றை வெளியே விடாமல் சுற்றி மூடும் கூடு வேண்டும். இறக்கையை வெட்டி எறிந்த பழைய ஃபேன் சட்டம் அதற்குக் கனகச்சிதம். ஓரங்களில் ஃபோம் டேப்.

உழைப்பையும் பட்டறைக் கூலியையும் கூட்டினால் சீனத் தயாரிப்பான செம்பு 240 ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கையால் செய்கிற ஆசை இருந்தால் ஒழிய இதில் லாபம் இல்லை.

பழைய ஏ.சி. காயில்

இதுதான் நம் ஊருக்கு உண்மையாகவே பொருந்தும் மாற்றுவழி. பழைய ஸ்பிலிட் ஏ.சி.யின் காயிலில் ஃபின் அலுமினியம், குழாய் செம்பு. தண்ணீர் தொடுவது செம்பை மட்டும், அதனால் அரிப்புத் தகராறு இல்லை. புதிய சில மாடல்களில் குழாயும் அலுமினியம், அவற்றை விட்டுவிடுங்கள். வெளி யூனிட்டின் காயிலுக்கு முன் ஏழெட்டு ஃபேன் இடத்துக்கு மேலேயே பரப்பு கிடைக்கும். மேசைக்குக் கீழேயோ ஜன்னலுக்கு வெளியேயோ நிறுத்திவிடலாம். ஜன்னலுக்கு வெளியே வைத்தால் இன்னொரு லாபம்: 450 வாட் சூடு அறைக்குள் கொட்டாது. ஒரு டன் ஏ.சி.யின் திறன் 3.5 கிலோவாட், அதில் எட்டில் ஒரு பங்கைக் கணினியே தின்னாமல் மிஞ்சும். ஆனால் வெளியே காற்று 40 டிகிரி, தண்ணீரும் அதற்கேற்ப ஏறும்; காயில் பெரிதாக இருப்பதால்தான் அது தாங்குகிறது.

கவனம் இரண்டு இடத்தில். கேஸ் உள்ள யூனிட்டை நீங்களாக அறுக்கக் கூடாது. மெக்கானிக் கேஸை இறக்கிக் கொடுக்க வேண்டும். உள்ளே கம்ப்ரசர் எண்ணெய் படிந்திருக்கும், அது ஓ-ரிங்கையும் அக்ரிலிக் டேங்கையும் கெடுக்கும்; ஏ.சி. மெக்கானிக்கிடம் ஃபிளஷ் பண்ணி, பிறகு பாத்திர சோப்பு கலந்த வெந்நீரை நுரை நிற்கும்வரை ஓட்டுங்கள்.

இரண்டாவது, தண்ணீர்த் தடை. 7 மி.மீ. குழாய் ஒரே வரிசையாகப் பத்து மீட்டர் ஓடினால், நிமிடத்துக்கு 3 லிட்டர் தள்ளவே ஐந்து மீட்டர் உயர அழுத்தம் வேண்டும். டி5-இன் உச்சம் 3.9 மீட்டர். ஆகவே 9.52 மி.மீ. குழாய் உள்ள காயிலைத் தேடுங்கள், அல்லது வளைவுகளை அறுத்து இரண்டு மூன்று இணைப் பாதையாகப் பிரேசிங் செய்துகொள்ளுங்கள். 9.52 மி.மீ. குழாயில் இன்னொரு வசதி: 10 மி.மீ. உள் விட்டமுள்ள ஹோஸ் அதன் மேலேயே ஏறும். குழாய் முனையை ஃபிளேரிங் டூலால் ஒரு மில்லி விரித்து உதடு மாதிரி ஆக்கி, ஹோஸை ஏற்றி, உதட்டுக்குப் பின்னால் கிளிப் போட்டால் இழுத்தாலும் வராது. அடாப்டரே வேண்டாம்.

பார்க்க அழகாக இராது. கண்ணாடிக் கதவு, வண்ண விளக்கு என்று கட்டுகிறவருக்கு இது வேண்டாம். இதே வேலையை நேர்த்தியாகச் செய்ய ஜெர்மனியின் வாட்டர்கூல் நிறுவனத்தின் மோ-ரா3 என்ற ராட்சத வெளி ரேடியேட்டர் இருக்கிறது: 360 வகையில் ஒன்பது 120 ஃபேன் அல்லது நான்கு 180, 420 வகையில் ஒன்பது 140 அல்லது நான்கு 200. விலையும் இறக்குமதி வரியும் நெஞ்சைப் பிடிக்க வைக்கும், ஆனால் கணினி மாறினாலும் ரேடியேட்டர் மாறாது.

யாருக்கு எது

பிராசஸரை மட்டும் குளிர்விக்கிறவருக்கு 240 அல்லது 280 போதும், அதற்கு மேல் வீண். 450 வாட்காரருக்கு 30 மி.மீ. தடிமனில் 360-உம் 240-உம்; இரண்டு வைக்க இடமில்லையென்றால் ஒரே 420. அறுபது மில்லி 360 ஒன்றை மட்டும் வாங்குவதைவிட இரண்டு மெல்லியது எப்போதும் மேல். 700 வாட் என்றால் கேபினெட்டுக்குள் சமாளிக்க முயல வேண்டாம், வெளியே போங்கள்: காசு இருந்தால் மோ-ரா3, கை இருந்தால் ஏ.சி. காயில்.

கேபினெட்டுக்குள் என்றால் டேப் எடுத்து அளங்கள். 360 ரேடியேட்டரின் உண்மையான நீளம் டேங்குகளோடு 395 முதல் 400 மி.மீ. மேல்பக்கம் மாட்டினால் 30 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. ஃபேனும் சேர்ந்து 55 மி.மீ. கீழே இறங்கும், உயரமான ரேம் அங்கேதான் முட்டும். முன்பக்கம் காற்றை உள்ளிழுக்கும்படி வைத்த ரேடியேட்டருக்கு அறைக் காற்று கிடைக்கும். மேலே வெளியேற்றும்படி வைத்ததற்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் போகும். இரண்டு ரேடியேட்டரும் ஒன்றன் சூட்டை மற்றொன்று குடித்தால் மேலே போட்ட கணக்கில் மூன்று நான்கு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது

புது ரேடியேட்டரும் சுத்தமல்ல, உள்ளே பற்றவைக்கும்போது பூசிய ஃபிளக்ஸ் பசையின் மிச்சம் இருக்கும். பாதிவரை சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, வாயை அடைத்து, ஒரு நிமிடம் குலுக்கி, வெள்ளைத் துணி வழியாக வடியுங்கள். துணியில் துகள் விழாதவரை திரும்பத் திரும்ப. பிளாக்கை அடைப்பது இந்தத் துகள்தான்.

ஸ்க்ரூ நீளம் விளையாட்டல்ல. 25 மி.மீ. ஃபேனுக்கு 30 மி.மீ. ஸ்க்ரூ, 35 போட்டால் சில ரேடியேட்டர்களில் மரைக்கு நேர் பின்னால் இருக்கும் தண்ணீர்க் குழாயைத் துளைத்துவிடும், புதிய ரேடியேட்டர் அந்த நொடியே குப்பை. மரையும் எம்3, எம்4, 6-32 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியில் வந்ததையே போடுங்கள். ஃபிட்டிங்கைக் கையால் இறுக்கி, கால் சுற்று கூட்டினால் போதும். கசிவை அடைப்பது ஓ-ரிங், டெஃப்லான் டேப் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றுமுன் கேஜ் உள்ள கைப்பம்பால் 0.5 பார் காற்றேற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் சோப்பு நுரை தடவி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பாருங்கள். முள் நின்றால் நிரப்பலாம். அப்போது மதர்போர்டுக்கு மின்சாரம் வேண்டாம். பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்து பம்பை மட்டும் ஓட்டுங்கள். தண்ணீர் ஊற்றும் டேங்க் காலியாகுமுன் நிறுத்தி, ஊற்றி, மறுபடி ஓட்டுங்கள். டி5-இன் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். ரேடியேட்டருக்குள் களகளவென்று சத்தம் கேட்டால் அதன் மேல்முனை அறையில் காற்று சிக்கியிருக்கிறது. கேபினெட்டை முன்னும் பின்னும் முப்பது டிகிரி சாய்த்து, பம்பை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் குமிழி தண்ணீர் டேங்குக்கு வந்துவிடும்.